கல்தூணில் இருக்கும் காடி எதற்கு? பாலாறு அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடி வரை கால்வாய்க் கரையில் நடப்பது பற்றி

ராணிப்பேட்டை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டையில் வசிக்கிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த கோடையில் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து சென்றிருந்தபோது, டிவைசஸ் என்ற ஊரில் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயின் கரையோரமாக ஒரு பகல் முழுவதும் நடந்தேன். அங்கே கேன் ஹில் என்ற சரிவில் ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குள் 29 லாக்குகள் (படகை உள்ளே நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும், கதவு போட்ட தொட்டிகள்) அமைந்து, படகுகளை 72 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி இறக்குகின்றன. அவற்றில் 16 லாக்குகள் ஒரே நேர்கோட்டில், குளத்துப் படிக்கட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. ஜான் ரென்னி என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1810-இல் முழுமையடைந்த கால்வாய் அது. ரயில் வந்தபின் வருமானம் இழந்து, 1852-இல் ஒரு ரயில் நிறுவனத்தின் கைக்கே போய், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் படகே போக முடியாத அளவுக்குத் தூர்ந்துவிட்டிருக்கிறது. பிறகு ஊர்மக்களும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகள் சேறு அள்ளி, கதவுகளைப் புதிதாகச் செய்து பொருத்தியதால், 1990-இல் அரசி எலிசபெத் அதை மீண்டும் திறந்து வைத்தார்.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வழியில் ஒரு பாலத்தின் அடியில் கண்ட காட்சி. அந்தக் காலத்தில் கரையில் குதிரை நடக்க, அதன் கயிறு நீரில் இருக்கும் படகை இழுத்துச் செல்லும். ஆண்டுக்கணக்கில் அந்த ஈரக் கயிறு உரசி உரசி, பாலத்தின் மூலைக் கல்லில் என் சுண்டுவிரல் முழுவதும் புதையும் ஆழத்துக்குக் காடிகள் (நீளவாட்டுப் பள்ளங்கள்) விழுந்திருந்தன. நம் ஊர்ப் பழைய கிணற்றுத் துலாக்கல்லில் கயிறு பட்ட தடம் இருக்குமே, அதே வழவழப்பு. வெகுநேரம் அங்கேயே நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும், நம் பாலாறு அணைக்கட்டுக் கால்வாய்களும் வெள்ளைக்காரர் காலத்தவைதானே, அவற்றின் கரையில் ஏன் நடக்கக் கூடாது என்ற எண்ணம் வந்தது. மார்கழியில் ஒரு நாள் வாலாஜா பக்கம் தலைமதகிலிருந்து தொடங்கி, மகேந்திரவாடிக் கால்வாயின் கரையில் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஓரிடத்தில் கால்வாயின் இரு பக்கமும் கருங்கல் தூண்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொரு தூணிலும் மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக, உள்ளங்கை நுழையும் அகலத்தில் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் இங்கும் முற்காலத்தில் லாக் இருந்திருக்கிறது, அதன் கதவு பொருந்திய இடம்தான் இது என்று எண்ணினேன்.

என் கேள்விகள் இவைதான். அது லாக்கின் எச்சமா? பாலாற்றுக் கால்வாய்களில் எப்போதாவது படகு ஓடியதா? அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடி ஏரி வரை முழுவதும் நடக்க முடியுமா, எந்த மாதம் உகந்தது? எனக்கு வயது 63. முழங்கால் வலி இல்லை. ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பேன். நடந்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாசனப் பிரிவு, பணி ஓய்வு

அம்மா, வணக்கம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏரி, கால்வாய்ப் பணிகளிலேயே இருந்தவன். தாங்கள் பார்த்தது லாக் அல்ல. பலகை போடும் மதகு. ஆனால் தாங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாக்கின் கதவு, நம் பழைய வீடுகளின் தலைவாசல் கதவைப் போலக் குடுமியில் சுழல்வது. கீல் கிடையாது. கதவின் ஓரக்கட்டை உருண்டையாக இழைக்கப்பட்டு, அது உட்கார்ந்து திரும்புவதற்குச் சுவரில் அரைவட்டமாக ஒரு குழி செதுக்கப்பட்டிருக்கும். இரண்டு கதவுகளும் மூடும்போது நேர்கோட்டில் நிற்காமல், மேல்நீர்ப் பக்கம் நோக்கி மூக்குப் போலக் கூம்பி நிற்கும். நீர் அழுத்த அழுத்த, ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் இன்னும் இறுகும். அதனால்தான் ஒரு மனிதர் தன் முதுகால் தள்ளித் திறக்கக்கூடிய கதவு அத்தனை நீரைத் தாங்குகிறது. இதைப் போல இன்னொரு ஜோடிக் கதவு படகின் நீளத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பக்கச்சுவர் எழுப்பிய ஒரு தொட்டி இருக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை கல்லைப் பார்க்கும்போது காடியின் வடிவத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். உள்மூலை சதுரமாக, கத்தியால் கீறியது போல நேராக இருந்தால் அதில் பலகை இறங்கியிருக்கிறது. உட்புறம் வளைந்து வழவழப்பாக இருந்தால் மட்டுமே அங்கே கதவு சுழன்றிருக்கிறது. தாங்கள் கண்டது முதல் வகை. கால்வாயில் நீர்மட்டத்தை உயர்த்திப் பக்கத்துக் கிளைவாய்க்காலுக்குத் திருப்ப வேண்டுமானால், அந்தக் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளை இறக்குவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். இரும்பு ஷட்டர் வைத்த மதகுகளிலும் பழுது பார்ப்பதற்காக முன்பக்கம் இப்படி ஒரு காடி விடுவது வழக்கம்.

படகு ஓடியதா என்றால், நம் கால்வாய்கள் அதற்காக வெட்டப்பட்டவை அல்ல. பாலாறு அணைக்கட்டு 1850-களில் கட்டப்பட்டது. இடப்புறம் மகேந்திரவாடிக் கால்வாய், காவேரிப்பாக்கம் கால்வாய். வலப்புறம் சக்கரமல்லூர் கால்வாய், தூசிக் கால்வாய். நான்குமே ஏரிகளை நிரப்புவதற்கானவை. பாசனக் கால்வாயில் நீர் தானாக ஓட வேண்டும். எனவே தலைமதகிலிருந்து கடைசி வரை மெல்லிய சரிவு கொடுத்துக்கொண்டே போவார்கள். படகுக் கால்வாயோ அதற்கு நேர்மாறு. ஒரு லாக்குக்கும் அடுத்த லாக்குக்கும் இடையே நீர் ஏறத்தாழ அசையாமல் தட்டையாக நிற்க வேண்டும், உயர வேறுபாடு முழுவதையும் லாக்கிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டு வேலைக்கும் சேர்த்து வெட்டிய கால்வாய்களும் உண்டு. கோதாவரி அணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வழியில் வந்த கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்கள் அப்படிப்பட்டவை. அங்கே நீர் இறங்குவதற்கு ஒரு மதகும், படகு இறங்குவதற்கு அதன் அருகிலேயே ஒரு லாக்கும் இருக்கும். தெலுங்கில் ‘லாக்குலு’ என்றே சொல்வார்கள். குண்டூர் பக்கம் துக்கிராலாவில் அந்தப் பெயராலேயே இடத்தைக் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். தாங்கள் சொன்ன கேன் ஹில்லில் 72 மீட்டரை 29-ஆல் வகுத்தால் ஒரு லாக்குக்குச் சராசரியாக 8 அடி ஏற்றம் வருகிறது. தொட்டியை 75 அடி நீளம், 14 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு படகு ஒரு லாக்கைக் கடக்க 8,400 கன அடி நீர், அதாவது இரண்டேகால் இலட்சம் லிட்டருக்கும் மேல், மேலிருந்து கீழே போய்விடுகிறது. கால்வாயில் வினாடிக்கு 100 கனஅடி ஓடும் நாளில் அது ஒன்றரை நிமிட நீர்தான். ஆனால் நம் பாலாற்றில் நீர் வருவதே ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில். அதிலும் பெரும்பகுதி பொன்னையாற்று வழியாக வருவது. மற்ற மாதங்களில் மணல்தான். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டிலேயே, கேன் ஹில்லில் லாக்குகளை இயக்கத் தேவையான நீரைத் தேக்கி வைக்கப் பக்கவாட்டில் தனிக் குளங்கள் வெட்டினார்கள். 1996 முதல் கீழே போன நீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். தாங்கள் நடந்தபோது நேர்கோட்டில் உள்ள லாக்குகளின் பக்கத்தில் அகன்ற குளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வெட்டியவை அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில்தான். டிவைசஸில் கால்வாய் வந்து ஒரு தலைமுறை கழித்து ரயில் வந்து அதைச் சாய்த்தது. இங்கே ரயிலும் அணைக்கட்டும் ஒரே பத்தாண்டில் வந்துவிட்டன. நெல்லையும் தோலையும் ஏற்றிச் செல்லப் படகு தேவைப்படவே இல்லை.

நடப்பதற்கு ஒரு குறிப்பு: இந்தக் கால்வாய்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சரிவைத் தழுவிப் போகின்றன. மேட்டுப் பக்கம் கரை பெரும்பாலும் இருக்காது, நிலமே கரை. பள்ளத்துப் பக்கம்தான் மண் கொட்டி உயர்த்திய கரை இருக்கும், வண்டிப்பாதையும் அதன்மேல்தான். இடப்புறக் கால்வாயில் நீரோடும் திசையில் நடந்தால் தங்கள் வலக்கைப் பக்கக் கரை அது. அதை விட்டு மாறாதீர்கள்.

நெமிலி ஆசிரியர்

ஐயா அவர்களின் விளக்கத்தை என் மாணவர்களுக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். நான் சேர்க்க விரும்புவது கால்வாய் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி மட்டும்.

அம்மா, தாங்கள் நடக்கத் தொடங்கும் தலைமதகுக்கு வயது ஏறத்தாழ 170. ஆனால் நடையை முடிக்கப் போகும் ஏரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகேந்திரவாடியில் வயல்வெளி நடுவே தனியாக நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து, முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்தான். அதிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்ற தன் விருதுப்பெயரில் அவன் மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணு கிருகம் என்ற கோயிலைப் பாறையில் செய்வித்ததாகக் கூறுகிறது. ஊர், ஏரி, கோயில் ஆகிய மூன்றுக்கும் தன் பெயரையே சூட்டிய அரசன், கோயில் எங்கே இருக்கிறது என்பதை ஏரியை வைத்தே அடையாளம் சொல்கிறான் என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும். ஏரி முதலில் இருந்திருக்கிறது, அல்லது ஏரியும் கோயிலும் ஒரே திட்டமாக எழுந்திருக்கின்றன. 1850-களின் பொறியாளர்கள் புதிதாக ஓர் ஏரியும் வெட்டாமல், பல்லவர் ஏரிகளுக்கு ஆற்றுநீர் வரும் வழியை உறுதிப்படுத்தினார்கள்; அந்த வகையில் அவர்கள் செய்தது அறிவார்ந்த வேலை என்பது என் கருத்து.

வலப்புறத்துத் தூசிக் கால்வாயும் இப்படியே. அது போய்ச் சேரும் தூசி-மாமண்டூர் ஏரிக்குச் சித்திரமேக தடாகம் என்பது பழைய பெயர். அதன் அருகிலும் மகேந்திரன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. தாங்கள் மகேந்திரவாடியை முடித்த பிறகு அதையும் ஒரு தனி நடையாக வைத்துக்கொள்ளலாம்.

மகேந்திரவாடிக் குடைவரை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாலை நான்கு மணிக்குப் பிறகு வெயில் தணிந்திருக்கும்போது எழுத்தை நிதானமாகப் பார்க்கலாம். உச்சிவெயிலில் கல் முழுவதும் ஒரே வெளுப்பாக இருக்கும். எனவே காலையில் கால்வாயும் மாலையில் கோயிலும் என்று வகுத்துக்கொள்வது நல்லது.

காவேரிப்பாக்கம் கழனி

அக்கா, வணக்கம். மேலே இரண்டு பெரியவர்கள் எழுதியதைப் படித்தேன். நான் கடைமடையில் கழனி வைத்திருக்கும் விவசாயி. பள்ளிப் படிப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காடியைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பலகை இறங்குகிறது என்று ஐயா சொன்னது சரி. எந்தப் பலகை, யார் இறக்குகிறார்கள் என்பதில்தான் எங்கள் வாழ்வு இருக்கிறது. சிறு வயதில் நான் பார்த்தது பனைமரத்தில் அறுத்த சட்டங்கள். கனமானவை; இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடியும். சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்தில் வைக்கோலைத் திருகிச் செருகி, களிமண்ணைக் காலால் மிதித்து அடைப்பார்கள். அப்படி அடைத்தால் ஒரு சொட்டுக் கூடக் கீழே ஒழுகாது. தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி முறை வைத்து, ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்ட நாழிகைக்கு மட்டும் அடைத்து, பிறகு எடுத்துவிடுவார். எங்கள் அப்பா நவரை நெல் பட்டத்தில் இரவெல்லாம் கையில் அரிக்கேன் விளக்குடன் கரையிலேயே நடப்பார். மேலே யாராவது முறை தவறிப் பலகை இறக்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவார். அதனால் கால்வாய்க் கரையில் நடப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் பொழுதுபோக்காக ஒருவர் நடக்க வருகிறார் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். நடந்து பார்த்தவர்களுக்குத்தான் கால்வாய் எங்கே குறுகியிருக்கிறது, எங்கே குப்பையைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். கார்த்திகையில் வெள்ளம் திறந்துவிடும்போது வராதீர்கள். 2021 நவம்பரில் அணைக்கட்டைத் தாண்டி வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கு மேல் போனது; 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு வராத ஆண்டிலும் கரை ஊறிப்போய் எங்கே கால் வைத்தாலும் இறங்கும். தைப் பொங்கல் முடிந்து மாசி வரைக்கும் நல்ல காலம். கால்வாயில் நீர் வடிந்து மதகுகளின் அடிக்கல் வரை பார்க்கலாம், நவரை நடவு முடிந்து இரு பக்கமும் பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கும். சொர்ணவாரிப் பட்டம் தொடங்கும் சித்திரையில் வந்தால் பத்து மணிக்கு மேல் நடக்க முடியாது. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும், எனவே கெட்டியான காலணி வேண்டும். அறுவடை நேரத்தில் எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் கரையேறும். கையில் ஒரு கோல் வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். புல் மறைத்த இடத்தில் காலைத் தூக்கி வைக்காதீர்கள்.

ஓடும் மதகின் மேல்பக்கம் மட்டும் இறங்கவே கூடாது. மேலே பார்த்தால் நீர் சாதுவாக, குளம் போல நிற்கும். அடியில் ஷட்டர் ஒரு சாண் தூக்கியிருந்தாலும் அது இழுக்கும் இழுப்பு வெளியில் தெரியாது. எங்கள் வீட்டு எருமைக்கன்று ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கி, கண்முன்னே உள்ளே போய்விட்டது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. கயிற்றைப் பிடித்திருந்த என் கை எரிந்து தோல் உரிந்ததுதான் மிச்சம்.

முடிந்தால் காவேரிப்பாக்கம் கால்வாயிலும் ஒரு நாள் வாருங்கள். எங்கள் ஏரி மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஏறத்தாழ 4,000 ஏக்கர் பரப்பு, நிரம்பினால் ஒன்றரை டி.எம்.சி. நீர். ஏரி நிரம்பி உபரிநீர் வழிந்து கோடி போகும் அன்று ஊரே கரையில் நிற்கும். கோடி போன நீர்தான் கொசஸ்தலையாறாக ஓடிச் சென்னைக்காரர்களுக்குக் குடிநீர் ஆகிறது.

நெமிலி ஆசிரியர்

தம்பி எழுதியதில் எழுத்துப்பிழை எதையும் நான் காணவில்லை. காவேரிப்பாக்கம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1752 பிப்ரவரியில் இராபர்ட் கிளைவின் படைக்கும் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்த படைக்கும் அங்கே போர் நடந்தது. பிரெஞ்சுப் பீரங்கிகள் ஒரு மாந்தோப்பில் மறைந்திருந்து திடீரெனச் சுட்டபோது, கிளைவின் காலாட்படை பதுங்கி நின்ற இடம் சாலையோரத்தில் இருந்த ஓர் ஆழமான நீர்க்கால். அணைக்கட்டு வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, ஆட்கள் மறைந்து நிற்கும் ஆழத்துக்குக் கால் வெட்டி நீர் கொண்டுபோன பகுதி அது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அரக்கோணம்–அடையாறு

நான் பிறந்தது அரக்கோணம், இப்போது வேலை சென்னையில். படகு, லாக், கரைப்பாதை மூன்றும் சேர்ந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அம்மா, அதற்கும் பாலாற்றை விட்டு விலக வேண்டியதில்லை. பாலாற்றின் கடைசிக்கு வர வேண்டும்.

கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம் பாலாறு கடலில் கலக்கும் முன்பாக, பக்கிங்காம் கால்வாய் அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. 1801-இல் பாசில் கோக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியது அந்தக் கால்வாய். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டு, வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீட்டியது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் மட்டும் விடுபட்டிருந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தில், நம் வட ஆற்காடும் கடுமையாக அடிபட்ட அந்த ஆண்டுகளில், பஞ்ச நிவாரண வேலையாக அந்தத் துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டிய கைகளின் பெயர் எதுவும் எங்கும் இல்லை என்பதை அந்தக் கரையில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அங்கே லாக் எதற்கு என்பது கேன் ஹில்லிலிருந்து வேறுபட்டது. மலையேற வேண்டிய தேவையே இல்லை; கால்வாய் கடலோரமாகத் தட்டையாகப் போகிறது. ஆனால் வழியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு என்று முகத்துவாரங்களை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். அங்கெல்லாம் கடல் ஓதத்தால் நீர்மட்டம் ஏறி இறங்கும்; வெள்ளக்காலத்தில் ஆற்றுநீர் மண்ணோடு உள்ளே புகும். அந்த ஏற்றஇறக்கம் கால்வாய்க்குள் வராமல் தடுத்துப் படகை மட்டும் உள்ளே விடுவதற்காக ஆற்றைத் தொடும் இடங்களில் லாக் கட்டினார்கள். உப்பும் விறகும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றி வந்த அந்தப் படகுகளை இழுத்தது குதிரையல்ல, மனிதர்கள். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாதபோது தோளில் கயிறு போட்டுக்கொண்டு கரையில் நடந்து இழுப்பார்கள்.

நடப்பதைப் பொறுத்தவரை, நகருக்குள் போக வேண்டாம். கழிவுநீரும், கால்வாய்க்குள்ளேயே ஊன்றிய பறக்கும் ரயில் தூண்களும்தான் இருக்கின்றன. 1960-களிலும் 1976-இலும் அடித்த புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுபோனது. கோவளத்துக்குத் தெற்கே போனால் கால்வாய் இன்னும் அகலமாக, உப்பங்கழியும் பறவைகளுமாக இருக்கிறது. மரக்காணம் பக்கம் உப்பளங்களின் ஓரமாக நடக்கலாம். 2008-இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்ட தடத்தில் இந்தக் கால்வாயும் சேர்ந்தது. மாமல்லபுரத்தில் தங்கி, அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவது என் வழக்கம். நிழல் அறவே கிடையாது, குடிநீர் கையோடு இருக்க வேண்டும். பழைய கட்டுமானம் எதையாவது கண்டால், ஐயா சொன்ன அரைவட்டக் குழியை அங்கே தேடிப் பாருங்கள்.

பாசனப் பிரிவு, பணி ஓய்வு

காவேரிப்பாக்கம் தம்பி சொன்ன பனஞ்சட்டத்தை நானும் கையாண்டிருக்கிறேன். ஷட்டர் வந்த பிறகு திருகுக் கம்பிக்கு எண்ணெய் போடாமல் துருப்பிடித்து, பாதி தூக்கிய நிலையிலேயே நின்றுபோன மதகுகளைப் பார்க்கும்போது, நாலு பலகையை வைத்து ஊரார் நடத்திய முறையே மேல் என்று பல நாள் நினைத்ததுண்டு. அம்மா, போகும் வழியில் இருக்கும் ஷட்டர் ஒவ்வொன்றின் திருகுக் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். கையில் கறுப்பு மசகு ஒட்டினால் அங்கே மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஒருவர் இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று பொருள். செம்மண் நிறத்தில் தூள் ஒட்டினால், அதன் கீழுள்ள ஏரி இந்த ஆண்டு நிரம்பியதா என்று பக்கத்துக் கழனியில் கேளுங்கள்.

கால்வாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளது. கரையில் நடப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. தலைமதகின் மேடை மீது ஏறுவதற்கும் படம் எடுப்பதற்கும் மட்டும் அங்குப் பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

ராணிப்பேட்டை வாசகி

ஐயாவுக்கும், ஆசிரியருக்கும், தம்பிகள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று காலை மீண்டும் அந்தத் தூண்களிடம் போய் வந்தேன். காடியின் உள்மூலை சதுரமாகத்தான் இருக்கிறது. விரலை விட்டுத் தடவியபோது, கீழே முழங்கால் உயரத்தில் காடியின் ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து மழுங்கியிருப்பதை உணர்ந்தேன். பலகையை இறக்கியும் தூக்கியும் பட்ட இடமாக இருக்க வேண்டும். சந்தில் காய்ந்த களிமண் இன்னும் ஒட்டியிருந்தது. அது எத்தனை காலத்தது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் நகத்தால் சுரண்டியபோது அதற்குள் வைக்கோல் தாள் ஒன்று அப்படியே இருந்தது.

மாசி முதல் வாரத்தில் மூன்று நாளாகப் பிரித்து மகேந்திரவாடி வரை நடந்துவிடலாம் என்று இருக்கிறேன். பழைய வங்கித் தோழி ஒருவரும் உடன் வருகிறார். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குக் குடைவரையில் இருக்கும்படி கணக்கிட்டிருக்கிறேன். காவேரிப்பாக்கம் தம்பிக்கு ஒரு கேள்வி: அந்த வாரத்தில் மகேந்திரவாடிக் கால்வாயில் நீர் நிறுத்தியிருப்பார்களா என்று உங்கள் பக்கம் கேட்டுச் சொல்ல முடியுமா? நீர் இருந்தால் ஒரு வாரம் தள்ளி வருகிறோம். இன்னொன்று, உங்கள் ஊரில் பனஞ்சட்டம் ஏதேனும் இன்னும் யார் வீட்டிலாவது கிடக்கிறதா? அந்தக் காடியின் அகலத்தை அளந்து வைத்திருக்கிறேன், மூன்றரை அங்குலம்.

காவேரிப்பாக்கம் கழனி

கேட்டுச் சொல்கிறேன், அக்கா. சட்டம் ஒன்று எங்கள் மாட்டுக்கொட்டகையில் தொட்டிக்கு அண்டை கொடுத்து வைத்திருக்கிறது. வாருங்கள், அளந்து பார்க்கலாம்.